எப்படிப் போனார்?

சாவுச் செய்தி வந்ததும் நாம் கேட்கிற முதல் கேள்வி என்ன? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'ஐயையோ'வுக்கு அடுத்தபடியாக நம் வாயில் வருவது, 'எப்படி?' என்பதுதான்.

மாரடைப்பு என்றால் உச்சுக்கொட்டுவோம். லாரி மோதியது என்றால் லாரிக்காரனைத் திட்டுவோம். பாம்பு கடித்தது என்றால் விதி. புற்றுநோய் என்றால், 'பாவம், ரொம்ப அவஸ்தைப்படாம போய்ச் சேர்ந்தாரே' என்று ஆறுதல் சொல்வோம். எல்லாவற்றுக்கும் நம்மிடம் ரெடிமேடாக ஒரு வாக்கியம் இருக்கிறது.

ஆனால், 'குடிச்சிட்டு...' என்று இழுத்துப் பாருங்கள். 'ஏதோ மாத்திரை போட்டுக்கிட்டானாம்...' என்று சொல்லிப் பாருங்கள். கேட்டவர் முகம் மாறிவிடும். 'ஓஹோ' என்பார். செத்தவர் நாற்பது வருஷம் வாழ்ந்திருப்பார். கல்யாணம் செய்திருப்பார், கடன் அடைத்திருப்பார், பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் காட்டியிருப்பார். அத்தனையும் அந்த ஒரு 'ஓஹோ'வில் முடிந்துபோகும்.

2024 ஜூன் மாதம் தமிழ்நாடே அப்படி ஒரு 'ஓஹோ' சொன்னது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். பெண்களும் இருந்தார்கள். ஒரே தெருவில் வரிசையாகப் பந்தல் போட்டிருந்த காட்சியை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 10 லட்ச ரூபாய் என்று அரசு அறிவித்தது. அவ்வளவுதான். அதுவரை வருத்தமாக இருந்த டீக்கடைகள் கோபமாகிவிட்டன. 'குடிச்சு செத்தவனுக்குப் பத்து லட்சமா? அப்ப உழைச்சு செத்தவனுக்கு என்ன?' உயர் நீதிமன்றம் வரைக்கும் அந்தக் கேள்வி போனது.

பி.காம். படித்தவன் என்பதால் பத்து லட்சம் சரியா, ஐந்து லட்சம் சரியா என்று கணக்குப் போட எனக்கும் ஆசைதான். ஆனால், இந்த வாரம் அந்தக் கணக்கு வேண்டாம். அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. தன் கையாலேயே, தெரியாமல், விஷத்தைக் குடித்துச் செத்தவருக்காக நாம் அழலாமா? அவரை எப்படி நினைவு வைத்துக்கொள்வது?

'அழாதே என்று யார் தடுத்தார்கள்?' என்று கேட்பீர்கள். யாரும் தடுக்கவில்லை. ஆனால், சத்தம் போட்டு அழ முடியாமல் செய்துவிடுகிறோம்.

அந்தக் கோபத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். குடிகாரக் கணவனோடு இருபது வருஷம் அடிபட்டு வாழ்ந்த ஒரு பெண்ணிடம் போய், 'அவரை நல்லவிதமா நினைச்சுக்கம்மா' என்று உபதேசம் பண்ண நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? சாராயத்தில் சம்பளத்தைக் கரைத்தவன் செத்தால், அந்த வீட்டில் துக்கத்தோடு கொஞ்சம் நிம்மதியும் இருக்கும். அதையும் தப்பு என்று சொல்ல முடியாது. 'குடிச்சு செத்தவனுக்கும் மரியாதை என்றால், குடிக்காமல் இருப்பவனுக்கு என்ன மதிப்பு?' என்ற கேள்வியும் லேசில் தள்ளிவிடக்கூடியது அல்ல.

ஆனால், ஒன்று கவனியுங்கள். இந்தக் கேள்விகள் எல்லாமே அந்த மனிதர் செய்ததைப் பற்றியவை. அவர் செய்ததற்குக் கோபப்படலாம். அவர் இல்லாமல் போனதற்கு அழலாம். இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒரு வருஷத்து வியாபாரத்தை மார்ச் 31-ம் தேதி ராத்திரி எழுதிய கடைசி வரியை மட்டும் பார்த்து லாபம், நஷ்டம் என்று எந்த ஆடிட்டராவது முடிவு கட்டுவாரா? மனிதர்கள் விஷயத்தில் மட்டும் அதைக் கூச்சமில்லாமல் செய்கிறோம்.

*

இந்த விஷயத்தில் நமக்குப் பாடம் எடுக்கத் தகுதியான ஊர் ஒன்று உண்டு. தருமபுரி.

பழைய தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவன் இறந்தபோது ஔவையார் பாடியது புறநானூற்றில் 235-வது பாட்டாக இருக்கிறது. தமிழில் வேண்டியவர் ஒருவரை இழந்து பாடியதில் இதற்கு மிஞ்சிய பாட்டு குறைவு. அந்தப் பாட்டில் ஔவைக்கு முதலில் ஞாபகம் வருவது என்ன தெரியுமா? அவன் வென்ற போர் இல்லை, கட்டிய கோட்டை இல்லை. கள்! கொஞ்சமாகக் கிடைத்தால் எங்களுக்குக் கொடுத்துவிடுவானே, நிறையக் கிடைத்தால் எங்களைப் பாடவைத்துத் தானும் சேர்ந்து குடிப்பானே என்றுதான் அந்த அம்மா ஆரம்பிக்கிறார். பிறகு சோறு, பிறகு அவன் தலையைத் தடவிக்கொடுத்த கை. அவன் மார்பில் பாய்ந்த வேல் அதற்கப்புறம்தான் வருகிறது.

உடனே, 'பார்த்தாயா, சங்க காலத்திலேயே குடி!' என்று யாரும் கிளாஸைத் தூக்க வேண்டாம். நான் சொல்லவந்தது அதுவல்ல. அவன் எப்படிச் செத்தான் என்பதை ஔவை மறைக்கவில்லை. ஆனால், அதில் ஆரம்பிக்கவும் இல்லை. எப்படி இருந்தான், யாரோடு பகிர்ந்துகொண்டான் என்பதில் ஆரம்பித்து, சாவுக்கு அப்புறம் வருகிறார். நாம் தலைகீழாகச் செய்கிறோம். சாவில் ஆரம்பித்து, சாவிலேயே நின்றுவிடுகிறோம்.

தருமபுரியின் அகழ்வைப்பகத்துக்குப் போனால் நடுகற்களைப் பார்க்கலாம். அந்த வட்டாரம் முழுக்க, கிருஷ்ணகிரி, செங்கம் வரைக்கும் நடுகற்கள் நிறைய. எந்த ராஜாவின் எத்தனையாவது வருஷம், யாருடைய ஆள், பெயர் என்ன, எதற்காகப் போய்ப் பட்டான்... எல்லாம் நாலைந்து வரியில் பொறித்திருப்பார்கள். இதில் எனக்கு ஆச்சரியமான சங்கதி ஒன்று. திருட்டுப்போன மாடுகளை மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு. அடுத்த ஊர் மாடுகளைக் கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு! இன்றைய சட்டப்படி இரண்டாவது ஆள் மேல் எஃப்.ஐ.ஆர்.தான் போடுவார்கள். அந்தக் காலத்து ஊர் இரண்டு பேருக்கும் பெயர் எழுதி நிறுத்தியது.

திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இன்னும் ஒரு படி மேலே. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் அது. சண்டையில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்தது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர்களைக் கடித்து நின்றது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரை 1,400 வருஷம் காப்பாற்றி வைத்த ஊர்க்காரர்கள் நாம். 2024-ல் செத்தவர்களை, 'சாராயத்துல செத்தவங்க' என்று மொத்தமாக ஒரு மூட்டையில் கட்டிப் போட்டுவிட்டோம்.

*

தருமபுரிக்கு இந்தக் கதையில் இன்னொரு பங்கும் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக அமலானது 1937 அக்டோபர் 1-ம் தேதி, ராஜாஜியின் ஆட்சியில், சேலம் மாவட்டத்தில். தருமபுரி அப்போது சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 1965-ல். பிறகு 1948-ல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு, 1971-ல் தளர்த்தல், 1974-ல் மறுபடி மூடல், 1981-ல் மறுபடி திறப்பு, 1983-ல் டாஸ்மாக், 2003 முதல் சில்லறைக் கடையும் அரசாங்கமே. திறந்து மூடி, மூடித் திறந்து... ஒரு கதவு இவ்வளவு ஆடினால் கீல் கழன்றிருக்கும்.

ஆனால், கடை மூடியிருந்த காலத்திலும் விஷச் சாராயம் ஆளைக் கொன்றது. திறந்திருந்த காலத்திலும் கொன்றது. 2008 மே மாதத்தில் கர்நாடகத்திலும், நான்கு வருஷம் முன்புவரை தருமபுரியோடு இருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்திலுமாக 150-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். 2023 மே மாதம் மரக்காணம், மதுராந்தகம் பக்கம் 20-க்கும் மேற்பட்டவர்கள். அடுத்த வருஷமே கருணாபுரம். அரூரைத் தாண்டினால் சித்தேரி மலை. அதற்கும் அப்பால், கள்ளச்சாராய ரெய்டு செய்திகளில் அடிக்கடி பெயர் அடிபடும் கல்வராயன் மலை. அந்தச் சாவு தருமபுரிக்காரர்களுக்கு எங்கோ நடந்த சாவு இல்லை.

ஒவ்வொரு முறையும் இரண்டு விஷயம் நடக்கிறது. அதிகாரிகளை மாற்றுகிறார்கள். செத்தவர்களை மறந்துவிடுகிறோம்.

*

சாராயம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். இப்போது மாத்திரையும் சேர்ந்துகொண்டது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொண்டு செத்துப்போன பையன்களைப் பற்றிச் சில வருஷங்களாகவே செய்தி படிக்கிறோம். ஊசி போடாதவர்களுக்கும் ஆபத்து உண்டு.

பென்னாகரம் பக்கம் என் பெரியம்மா இருக்கிறார். அவர் மகன் பெங்களூரில் கட்டட வேலை பார்த்தான். அந்தப் பக்கத்துப் பையன்கள் பாதிப் பேருக்குப் பிழைப்பு பெங்களூரில்தான். சாரத்திலிருந்து விழுந்ததில் முதுகுவலி. வலிக்கு மாத்திரை. ஒன்று கேட்கவில்லை என்று இரண்டு, அப்புறம் மூன்று. ஒருநாள் ராத்திரி அதோடு கொஞ்சம் பிராந்தியும் போட்டுக்கொண்டு படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. 34 வயது. கூடப் படுத்திருந்தவர்கள், 'ராத்திரியெல்லாம் பயங்கரமா குறட்டை விட்டான், நல்லா தூங்கறான்னு விட்டுட்டோம்' என்றார்கள்.

அந்தக் குறட்டை தூக்கம் இல்லை. சில வகை வலி மாத்திரைகளும் தூக்க மாத்திரைகளும் மூளையில் மூச்சை நடத்துகிற இடத்தை மந்தப்படுத்தும். மதுவும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் மூச்சு குறைந்து, குறைந்து, நின்றுவிடும். கொரகொரவென்று வித்தியாசமான குறட்டை, உதடு நீலம் பாய்வது, உலுக்கினாலும் எழாதது... இதெல்லாம் ஆபத்துக்கான அடையாளம். உடனே ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். கூட இருந்தவர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் அவன் பிழைத்திருக்கலாம்.

ஊருக்கு என்ன சொன்னார்கள்? மாரடைப்பு. போஸ்டரில் 'அகால மரணம்'. பதினாறாம் நாள் காரியத்தில் உறவுக்காரர்கள் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, 'எங்கேயோ உதைக்குதே' என்று கிசுகிசுத்தார்கள். பெரியம்மா காதில் விழுந்தது. விழட்டும் என்றுதான் சிலர் பேசினார்கள்.

சில மாதம் கழித்துப் போயிருந்தேன். மகன் பேச்சையே எடுக்கவில்லை அவர். நானாக, 'அவன் சின்ன வயசுல ஒகேனக்கல்ல பரிசல்காரரோட சண்டை போட்டானே, ஞாபகம் இருக்கா பெரியம்மா?' என்று ஆரம்பித்தேன். அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் பேசினார். சிரித்தார், அழுதார், மறுபடி சிரித்தார். கடைசியில் சொன்னார்: 'வர்றவங்க எல்லாம் எப்படிப் போனான்னுதான் கண்ணு கேக்கறாங்க. எப்படி இருந்தான்னு ஒருத்தரும் கேக்கல. நானா சொன்னாலும், எங்க சுத்தி எங்க வருவாங்களோன்னு பயம். அதான் வாயே தொறக்கறதில்ல.'

எழுதட்டுமா என்று கேட்டேன். 'எழுது. நாலு பேருக்குத் தெரியட்டும். பேரு மட்டும் போடாத' என்றார்.

மகனைப் பறிகொடுத்தது போதாதென்று, மகனைப் பற்றிப் பேசுகிற உரிமையையும் பறிகொடுத்திருந்தார் அந்தத் தாய். முதலாவதை எடுத்துக்கொண்டது மாத்திரை. இரண்டாவதை எடுத்துக்கொண்டது நாம்.

*

'சரி, அந்தக் குடும்பம் மறைத்துவிட்டுப் போகட்டுமே, மானம் காப்பாற்றப்படுகிறதே, என்ன நஷ்டம்?' என்று கேட்கலாம்.

நஷ்டம் இருக்கிறது. அதுவும் உயிர் நஷ்டம்.

கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது, சாராயம் காரணம் இல்லை, வேறு வேறு நோய்கள்தான் என்று பேச்சு வந்தது. துக்கத்துக்கு வந்தவர்களில் சிலர், துக்கத்தை மறக்க அதே சாராயத்தை வாங்கிக் குடித்து, அவர்களும் இறந்தார்கள் என்று அப்போது செய்திகள் வந்தன. ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். எந்த விஷம் கொன்றதோ, அந்த விஷத்தையே அந்தச் சாவு வீட்டில் குடித்திருக்கிறார்கள். 'எப்படி?' என்ற கேள்விக்குச் சரியான பதில் உரத்த குரலில் உடனே சொல்லப்பட்டிருந்தால் சிலராவது கிளாஸைக் கீழே வைத்திருப்பார்கள்.

மெத்தனால் உடனே கொல்லாது. அதுதான் அதன் சூழ்ச்சி. கல்லீரல் அதை உடைத்து ஃபார்மிக் அமிலமாக மாற்றுவதற்குப் பல மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் சாதாரண போதை போலத்தான் இருக்கும். அப்புறம் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல். பார்வை நரம்பைத்தான் அது முக்கியமாகத் தாக்கும். இந்த இடைவெளியில் ஆஸ்பத்திரிக்குப் போனால் மாற்று மருந்து உண்டு, டயாலிசிஸ் உண்டு, பிழைக்க வழி உண்டு. ஆனால், 'போலீஸ் கேஸ் ஆகுமோ, ஊர் சிரிக்குமோ' என்று வீட்டிலேயே மோர் குடித்துப் படுத்துக்கொண்டால், அந்த இடைவெளி மூடிவிடும்.

எதனால் என்பது தெரிந்தால்தானே டாக்டர் வைத்தியம் பார்ப்பார்? எதனால் என்பதைச் சொல்லத்தான் விடமாட்டேன் என்கிறது நம் 'ஓஹோ'.

என் பெரியம்மா ஊரிலும் அதேதான். அவனைப் போல இடுப்புவலியும் மாத்திரையுமாக பெங்களூரில் உழைக்கிற எத்தனையோ பையன்கள் அந்தச் சாவுக்கு வந்தார்கள். அவர்கள் கேட்டுவிட்டுப் போன பாடம், 'மாரடைப்பு'.

*

வெளியில் என்ன செய்கிறார்கள் என்றும் பார்ப்போம். எய்ட்ஸில் செத்தவர்களின் பெயரை வெளியில் சொல்லவே அமெரிக்காவில் ஒரு காலத்தில் கூசினார்கள். பத்திரிகை மரண அறிவிப்பில்கூட நோயின் பெயர் வராது. 1987 அக்டோபரில் அப்படி இறந்தவர்களின் நண்பர்களும் குடும்பத்தாரும் ஆளுக்கொரு துணியில் பெயரைத் தைத்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பிரமாண்டமான போர்வையாக வாஷிங்டனில் விரித்தார்கள். அதைச் சுற்றி நடந்தவர்கள் நோயைப் பார்க்கவில்லை, பெயர்களைப் பார்த்தார்கள். அதுவும் ஒரு நடுகல்தான்.

2001-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஆரம்பித்து, ஆகஸ்ட் 31-ம் தேதியை, போதை மருந்து அளவு மீறி இறந்தவர்களின் நினைவு நாளாகப் பல நாடுகளில் அனுசரிக்கிறார்கள். அன்று ஊதா நிறத்தில் ரிப்பன், மெழுகுவத்தி, போட்டோ. வெட்கமில்லாமல் பெயரைச் சொல்வதற்கென்று ஒரு நாள். அமெரிக்காவில் 2021 முதல் மூன்று வருஷமும் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிச் செத்தார்கள். 'என் மகள் இதனால்தான் இறந்தாள்' என்று பெற்றோர்களே மரண அறிவிப்பில் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்தவர் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்ற எண்ணம். 2007-ல் நியூ மெக்சிகோ மாநிலம் ஒரு சட்டம் போட்டது. போதையில் ஒருவர் மூச்சுத் திணறும்போது உதவிக்குக் கூப்பிடுகிறவர் மேல், போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குப் போடக் கூடாது. பயம் இல்லாவிட்டால்தான் போன் கையில் எடுப்பார்கள் என்று புரிந்துகொண்ட சட்டம். பிறகு பல மாநிலங்கள் அதைப் பின்பற்றின.

'இதெல்லாம் அவர்களே தேடிக்கொண்டது, விபத்தா?' என்ற கேள்வி இன்னும் உங்கள் மனசில் இருக்கும். ஒன்று சொல்கிறேன். ஹெல்மெட் போடாமல் போய் லாரியில் அடிபட்டவரை விபத்தில் இறந்தார் என்றுதான் சொல்கிறோம். சர்க்கரை நோயோடு ஜாங்கிரி சாப்பிட்டவருக்கு 'மாரடைப்பால் காலமானார்' என்றுதான் போஸ்டர் ஒட்டுகிறோம். அவர்கள் ஆபத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், சாவைத் தேர்ந்தெடுக்கவில்லை. கருணாபுரத்துக் கூலிக்காரரும் சாராயத்தைத்தான் வாங்கினார், மெத்தனாலை வாங்கவில்லை. அதைக் கலந்தவன் வேறு ஆள். கலக்க விட்டவர்கள் வேறு ஆட்கள். நாம் 'ஓஹோ' சொல்லச் சொல்ல, அந்த வேறு ஆட்களுக்குத்தான் வசதி. குற்றம் முழுவதையும் செத்தவர் தலையில் கட்டிவிட்டால், உயிரோடு இருப்பவர்கள் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

நினைவு என்பது பாராட்டுப் பத்திரம் இல்லை. அடித்தான் என்றால் அடித்தான் என்றே நினைவிருக்கட்டும். கடன் வைத்தான் என்றால் அதுவும் இருக்கட்டும். பற்று, வரவு இரண்டு பக்கமும் எழுதினால்தான் அது கணக்கு. நான் கேட்பதெல்லாம், வரவுப் பக்கத்தைக் கிழித்து எறியாதீர்கள் என்பது மட்டும்தான்.

உங்கள் தெருவில், உங்கள் உறவில், அப்படி ஒரு வீடு இருக்கும். 'அவங்க பையன் ஒரு மாதிரியா போயிட்டான்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்லப்படுகிற வீடு. இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய் வாருங்கள். காரணம் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் முகம் மாறாமல் கேளுங்கள். அப்படி ஒரு பழக்கத்தில் இப்போது மாட்டியிருக்கிற யாராவது அந்த வீட்டில் இருந்தால், 14446 என்ற இலவச எண்ணைக் கொடுங்கள், போதை மீட்புக்கான உதவி எண் அது. அப்புறம் செத்துப்போன அந்தப் பையனின் பெயரைச் சொல்லி, உங்களுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு சங்கதியைப் பேசுங்கள். கிரிக்கெட் ஆடினான், மாங்காய் திருடினான், என் சைக்கிள் செயினை மாட்டிக் கொடுத்தான்... எதுவானாலும் சரி.

காபி ஆறிப்போகும் வரைக்கும் அந்த அம்மா பேசுவார். பேச விடுங்கள்.